நாற்பத்தொன்பதாம் வாரம்

கல்முனைப் பணிமனையின் பின்னறையில்
மழையை வாரங்களாக வெட்டி வைத்திருக்கிறேன்.
ஐம்பத்திரண்டு துண்டு.
வருடத்துக்கு ஒரு நாள் மிஞ்சுகிறது,
அதை எங்கே போடுவதென்று
இன்னமும் ஒரு ஒழுங்கில்லை.

சமன்பாடு சின்னதுதான்.
வாடைக்கு ஏறிக் கச்சானுக்கு இறங்கும்
ஒரு சைன் வளையி.
அதன் முதுகில் மழைமானியின் மில்லிமீற்றர்கள்,
ஆறு வாரம் பிந்தி.
பெய்த அன்றைக்கே யாருக்கும் காய்வதில்லை.
தண்ணீர் முதலில் சிரட்டை தேடவேண்டும்,
டயர் தேடவேண்டும்,
கட்டி முடியாத மாடிவீட்டுப் பிளேட்டில்
பள்ளம் பார்த்துத் தங்கவேண்டும்.
முட்டை புழுவாகி, புழு கூடாகி,
கூடு சிறகாகி, சிறகு
ஒரு காய்ச்சல்காரனைக் கண்டுபிடித்து
அடுத்த வீட்டுக்காரனையும் கண்டுபிடிக்கவேண்டும்.
இவ்வளவையும்
ஒரேயொரு கிரேக்க எழுத்துக்குள் மடித்திருக்கிறேன்.

பத்து வருடத் தரவுக்கு
அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்தியது,
ஓரிடத்தில் தவிர.
நாவிதன்வெளி, நாற்பத்தொன்பதாம் வாரம்.
எதிர்வுகூறல் பதினேழு.
பதிவு பூச்சியம்.

கணினிக்கு அதில் சந்தேகமே வரவில்லை.
காய்ச்சல் ஓய்ந்ததென்று
அடுத்த மாரியையும் தாழ்த்திப் போட்டது.
நான் பீ.எச்.ஐ. மஹ்றூபுக்கு எடுத்தேன்.

"அந்தக் கிழமையா மிஸ்?
கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால
இடுப்பளவு தண்ணி.
ஒரு காய்ச்சலும் இந்தப் பக்கம் கடக்கல்ல."
பிறகு, எங்கோ மோட்டார்சைக்கிளை நிறுத்தும் சத்தம்.
"ரெண்டு பேரத் தோணில ஏத்தின.
ஒராள்தான் வந்து சேர்ந்த."
மற்றவரின் பெயர்?
"பேர் கேக்கிற நேரமா மிஸ் அது."

பூச்சியம்.
கடதாசியில் எழுதிப் பார்த்தேன்.
சொல்லுக்குள்ளேயே ஒரு பூச்சி இருந்திருக்கிறது,
சிறகு மடித்து,
இத்தனை வருடமும்.

அந்தக் கட்டத்தை அழித்து வெறுமையாக விட்டேன்.
வெறுமை வேறு, பூச்சியம் வேறு என்று
கணினிக்குச் சொல்லிக்கொடுக்க
இரண்டு இரவு போனது.
பிறகு புதிதாய் ஒரு நிரல்:
பாதை திறந்திருக்கிறதா?
ஆமென்றால் ஒன்று.

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
"பிள்ளை, நுளம்புக்குக் கணக்குக் கேட்டால்
றோட்டுக்குக் கணக்குக் கொண்டுவாறீர்."
ஆனாலும் கையொப்பமிட்டார்.
நாவிதன்வெளிக்கு ஒரு தோணி, ஒரு தாதி,
இரத்தம் எண்ணும் சின்ன இயந்திரம்,
நொவெம்பர் முடிய முன்.
இதில் எது வந்துசேரும் என்பதற்கு
என்னிடம் சமன்பாடில்லை.

இன்று நாற்பத்து மூன்றாம் வாரம்.
மழைமானியில் ஒன்பது மில்லிமீற்றர்.
மஹ்றூப் படம் அனுப்பியிருக்கிறார்:
காய்ந்த தாம்போதி,
நடுவில் அசையாமல் ஒரு மாடு.

ஒன்று என்று பதிந்தேன்.