கரடிகள் வந்த மாதம்

பனிச்சரிவு இறங்கியது ஒரு புதன்கிழமை, விடியுமுன்.
மலையோரத் தெருவில் ஒன்பது வீடுகள்.
எண்ணிக்கையைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள்.
நான் சொல்ல வந்தது
அதற்குப் பிறகு வந்ததை.

கரடிகள் வந்தன.
ரெய்க்யவிக்கிலிருந்து முதல் லாரியில் நாற்பது.
பிறகு டென்மார்க், கனடா,
எனக்குப் படிக்க வராத எழுத்தில் முகவரிகள்.
வெல்வெட் கரடி, தொப்பி போட்ட கரடி,
வயிற்றை அமுக்கினால் பாடும் கரடி.
எங்கள் ஊரில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள்
இருபத்தாறு பேர்.
(இருபத்தாறு என்று எழுதப் பழக
எனக்கு மூன்று வாரம் பிடித்தது.)

அஞ்சலகத்தில் இடம் போதவில்லை.
மீன் பதனிடும் கூடத்தின் மாடியில்
பெஞ்சுகள் போட்டு வைத்தேன்.
துக்கம் கேட்க வந்தவர்களைப் போல
வரிசையாக உட்கார்ந்திருந்தன
என்ன பேசுவதென்று தெரியாமல்.

தலைநகரத்து மனநல மருத்துவர் ஹில்டிகுன்னுர்
கப்பலில் வந்து இறங்கினாள்.
பிள்ளைகளைப் பற்றிக் கேட்பாள் என்று
பட்டியல் எழுதி வைத்திருந்தேன்.
"மண்வாரி எங்கே கிடைக்கும்?" என்றாள்.

கெட்டிலின் வாசலில் மார்பளவு பனி.
மனைவியைப் புதைத்த நாளிலிருந்து
அந்தக் கதவு திறக்கவில்லை.
அவள் வெட்டிப் போட்டாள். கதவைத் தட்டவில்லை.
இரவில் மறுபடி கொட்டியது.
மறுநாளும் வெட்டினாள்.
நான்காம் நாள்
உள்ளேயிருந்து இன்னொரு மண்வாரி நீண்டது.
அதன் பின்னால், சவரம் செய்யாத கெட்டில்.

ஈஸ்லெய்வுருக்கு ஏழு வயது.
பதினொரு மணி நேரம் கழித்து எடுத்தார்கள் அவனை.
அதே அறையில் படுத்திருந்த எய்தீஸ் பற்றி
அவன் எதுவும் சொன்னதில்லை.
பள்ளி விட்டதும் கரடி மாடிக்கு வருவான்,
எதையும் தொடமாட்டான்.
ஒருநாள் என்னிடம் கத்தரிக்கோல் கேட்டான்.

பழுப்புக் கரடி ஒன்றின் வயிற்றை
நேர்கோடாக வெட்டினான்.
நான் பதறி எழுந்தேன்.
ஹில்டிகுன்னுர் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

விரலை விட்டுப் பார்த்தான்.
"இதுக்குள்ள எல்லாம் அடைச்சு வச்சிருக்கு" என்றான்.
"மூச்சு விட இடமே இல்ல."

யாரும் பேசவில்லை.
கீழே குளிர்பதன இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.
கைப்பிடி கைப்பிடியாகப் பஞ்சை எடுத்தான்,
பாதி தீர்ந்ததும் நிறுத்தினான்.
"தைச்சுக் குடு."

தொளதொளத்த கரடியைக்
கழுத்தில் போட்டுக்கொண்டு போனான்.

அடுத்த நாள் மூன்று பிள்ளைகள்.
அதற்கடுத்த நாள் எண்ணவில்லை.
என் நூல்கண்டு தீர்ந்துபோனது.
வலைக் கொட்டகையில் போய்க் கேட்டேன்.
நைலான் கயிறும் தடித்த ஊசியுமாக
கெட்டில் கூடவே வந்தான்.
காட் மீன் வலை பின்னும் முடிச்சு,
கரடி வயிற்றுக்கு ரொம்பப் பெரிது.
பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது.
ஒரு சிறுமி அவனிடம் கேட்டாள்:
"உங்க வீட்லயும் யாரும் இல்லயா?"
"இல்ல" என்றான். பல்லால் கயிற்றைக் கடித்து
அடுத்த கரடியை எடுத்தான்.

எல்லாம் சரியாகிவிட்டதென்று நினைக்காதீர்கள்.
காற்று வீசும் இரவுகளில்
பாதி ஊர் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறது.
பிப்ரவரியில் வெயில் திரும்பியபோது
வழக்கம்போல அப்பம் சுட்டோம்;
அஞ்சலகப் படியில் ஆறு நிமிடம் வெளிச்சம்.
மூன்று குடும்பங்கள் வரவில்லை.
தட்டில் எடுத்துப் போனோம்.
ஒரு வீட்டில் வாங்கிக்கொண்டார்கள்.

ரீபெயிலிருந்து யுட்டெ என்று ஒருத்தி
கடிதம் போட்டிருக்கிறாள்:
நான் அனுப்பியது வந்து சேர்ந்ததா?

அன்புள்ள யுட்டெ,
சேர்ந்தது.
பஞ்சைக் கொஞ்சம் குறைத்திருக்கிறோம், மன்னிக்கவும்.
அடுத்த நவம்பரில் இங்கே முதல் பனி விழும்.
அப்போது லாரிகள் வராது.
நினைவிருந்தால் நாலு வரி எழுதுங்கள்,
உங்கள் ஊரில் மழையா, என்ன சமைத்தீர்கள், எதுவானாலும்.
கரடி வேண்டாம்.