சேர்

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு. ஜீலோங், நியூட்டவுன், மேட்டுத் தெரு.
கழிவறை அடைப்பு. வாடிக்கையாளர் வயது தொண்ணூற்றொன்று.
படிவத்தில் திரு, திருமதி, செல்வி, டாக்டர் வரை இருக்கிறது.
லேடி என்பதற்குக் கட்டம் இல்லை.

"பெரில் என்றே கூப்பிடு" என்றபடி கதவைத் திறந்தார்,
ஒரு கையில் வாளி.
"மெர்வின் இருந்தால் உன்னைக் கூப்பிட விட்டிருக்க மாட்டார்.
சட்டையைக் கழற்றிவிட்டுத் தானே இறங்கியிருப்பார்."

மெர்வினை எனக்குத் தெரியும்.
பதினோரு வருடமாக அவருக்குள்தான் கமரா விடுகிறேன்.
சேர் மெர்வின் ஆஷ்கோட் பிரதான கழிவுக்குழாய்,
விட்டம் ஆயிரத்து எண்ணூறு மில்லிமீட்டர்,
நோர்லேன் தொடங்கிக் கடல் வரை.
வேலைக்காரர்கள் நாங்கள் மெர்வ் என்போம்.
மழை நாளில்,
"மெர்வ் இன்றைக்குக் கழுத்து மட்டும் குடித்திருக்கிறார்."

பட்டயம் கழிவறைச் சுவரில் தொங்குகிறது.
இந்த ஊர்ப் பெரிய மனிதரின் அடக்கம் இப்படி:
உட்கார்ந்தால் மட்டும் கண்ணில் படும் பெருமை.
ராணியின் கையெழுத்து. வெள்ளி நட்சத்திரம்.
இளஞ்சிவப்பு நாடா, ஓரத்தில் சாம்பல்.
கடவுளுக்கும் பேரரசுக்கும் என்று ஒரு வாசகம்.
பேரரசு எந்தப் பக்கம் போனதோ.
தண்ணீர் இன்றைக்கும் அவர் சொன்ன சரிவில்தான் போகிறது,
முந்நூறு அடிக்கு ஓர் அடி.

இன்னொரு சேரை இதற்கு முன்பே பார்த்திருக்கிறேன்.
மஸ்கெலியா, ஃபெக்டரி ஆபீஸ், கண்ணாடிக்குள்.
இலண்டனில் கம்பனித் தலைவராம்,
தேயிலைக்குச் சேவை செய்தாராம்.
இதே நட்சத்திரம். இதே நாடா.
தோட்டம் அரசாங்கத்துக்குப் போன பிறகும்
படத்தை யாரும் கழற்றவில்லை.
அதன் கீழே வரிசையில் நின்றுதான் அம்மா சம்பளம் வாங்குவாள்.
லயத்தில் இருபத்துநான்கு வீட்டுக்கு ஒரு கக்கூஸ்.
அதற்கும் கதவில்லை.

சேர்.
எங்கள் பாஷையில் வாத்தியாரும் சேர்,
பயந்தால் போலீஸ்காரனும் சேர்.
யாரும் யாரையும் முழந்தாளிடச் சொல்லிக் கொடுத்ததில்லை.
தவிர, அது ஓர் ஏவலும்:
குழாயைக் குழாயோடு சேர்,
வீட்டைத் தெருவோடு சேர், தெருவைக் கடலோடு.
உங்கள் கணவர் அந்த அர்த்தத்தில் சேர் என்று
பெரிலிடம் சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை.

சுவரைத் திறக்கவேண்டும். சட்டத்தைக் கழற்றினேன்.
பின்னட்டையில் பென்சில் எழுத்து.
நோர்லேன் சுரங்கம், ஆகஸ்ட் 1967.
ஸ்டிபே ப்ராடாரிச்.
வாசில் மாவ்ரோஸ்.
டெஸ் ஹார்னிகன்.
மோல்டாப் பையன்,
அப்புறம் அழித்து அழித்து மறுபடி போட்ட ஒரு கேள்விக்குறி.

பெரில் வாளியைக் கீழே வைத்தார்.
"எத்தனையோ கடிதம் போட்டார். சம்பள ஏட்டில்
எண் மட்டும்தான் இருந்தது. நாற்பத்தொன்று.
கவர்னர் வாளைத் தோளில் வைத்தபோதும்
அந்தப் பையனைத்தான் நினைத்தேன் என்றார்.
நான் நம்பவில்லை. அன்றைக்கு அவருக்குச் சரியான முழங்கால் வலி."

செக்ரோலில் என் அம்மா நூற்றுப்பதினேழு.
அதை நான் சொல்லவில்லை.
கமராவை உள்ளே விட்டேன்.

வேர். நாலு மீட்டர் உள்ளே, தலைமுடி போல.
கொல்லையில் நிற்கும் எலுமிச்சையின் வேலை.
"காய்க்கட்டும் என்று ராத்திரி ராத்திரி
அதன் அடியில்தான் மூத்திரம் பெய்வார்" என்றார் லேடி ஆஷ்கோட்,
சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தபடி.
"நகரத்துக்கே குழாய் போட்ட மனுஷன்!"

வெட்டினேன். தண்ணீர் ஒருமுறை விக்கி, இறங்கியது.
பெரில் மணி பார்த்தார்.
"ஆற்றைத் தாண்டப் பதினெட்டு நிமிடம். அவருடைய கணக்கு."
நான் கருவியைக் கழுவி முடிக்கும்வரை
இரண்டு பேரும் பேசவில்லை.

படிவம்: அடைப்புக்குக் காரணம், எலுமிச்சை.
பட்டம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.
வாசலில் ஒரு பை நிறையப் பழம் நீட்டினார்.
மறுபடி உள்ளே போய்
சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வாங்கினேன்.