இருபத்தொன்று

வெள்ளவத்தையில் மூன்று பாமசி,
பம்பலப்பிட்டியில் இரண்டு.
"அடுத்த கிழமை வரலாம்" என்றவர்கள் நாலு பேர்.
ஐந்தாமவர் துண்டைத் திருப்பித் தந்தார்
என் முகத்தைப் பார்க்காமல்.

மேசையில் கொட்டி எண்ணினேன். இருபத்தொன்று.
நாளை வெள்ளி. புலமைப்பரிசில் பரீட்சை முடிய
முப்பத்தொரு நாள்.

குளிசைக்கு முன்பு ஒருநாள்
கடற்கரைத் தண்டவாளத்தில் காகம் எதையோ கொத்துகிறதென்று
போய் நின்றான் யதுர்சன்.
மாத்தறை ரயில் ஊதியது. ஊரே திரும்பிப் பார்த்தது.
அவனுக்கு மட்டும் கேட்கவில்லை.
இழுத்தெடுத்த என் தோளில் இன்னும் ஒரு நோ,
மழைக்கு முன் சொல்லும்.

இப்போது நிற்கிறான். இரண்டு பக்கமும் பார்க்கிறான்.
காலி வீதியை என் கை பிடிக்காமல் கடக்கிறான்.
சாப்பாட்டுப் பெட்டிதான்
கொண்டுபோனபடியே திரும்பி வருகிறது.
கிளினிக் தராசில் ஐந்து மாதமாய் முள் அசையவில்லை.
இரவு பத்தரைக்கு எழும்பி
குசினி லைற்றைப் போடாமல்
அரை றாத்தல் பாண் தின்கிறான்.
நித்திரை அதற்கும் பிறகு.

ரொறன்ரோவிலிருந்து மச்சாள்: "மீனெண்ணெய் குடு."
மேல் பிளாட்காரர்: "ரெண்டு அடி போட்டால் சரிவரும்."
டொக்டர் மட்டும்: "நல்லதையும் எழுதுங்கோ,
கெட்டதையும் எழுதுங்கோ, கொண்டு வாங்கோ."
கொப்பியில் நடுவே கோடு கீறினேன்.
எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியாமல்
ஒன்று கோட்டின் மேலேயே கிடக்கிறது:
காகங்களோடு கதைப்பதை விட்டுவிட்டான்.

"போட்டால் எப்படியடா இருக்கு?"
"வகுப்பில ஒரு ஆள்தான் கதைக்கிறா. டீச்சர்."
"போடாட்டி?"
"எல்லாரும். ஃபேனும்."
"எது விருப்பம்?"
கதிரையில் கால் ஆடியது. ஆறு மணி,
காலைக் குளிசை எப்போதோ இறங்கிவிட்டது.
பதில் சொல்லாமல் கலண்டரை இழுத்தான்.

"சனி ஞாயிறு வேண்டாம் அம்மா. ரயில் பார்ப்பம்.
பத்து நாள். முப்பத்தொன்றில பத்து போனா
இருபத்தொன்று. சரியா வருது."
கடன் வாங்காமல், விரல் விடாமல் கழித்தான்.
நான் பெருமைப்பட வாயைத் திறந்தேன்.

பரீட்சையே ஞாயிற்றுக்கிழமை.

இருவரும் அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு அவன் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து
வெறும் நெருப்புப் பெட்டிக்குள் போட்டு மூடினான்.
எந்த நாளிலிருந்து எடுத்தான் என்று கேட்டேன்.
ஜன்னலில் ஏதோ வந்து உட்கார்ந்தது,
எழும்பி ஓடிவிட்டான்.