இடப்பக்கத்து வைஸ்

மார்ச் பாதி ஆகியும் துலூத் நகரில்
ஏரி வெள்ளையாய்த்தான் கிடக்கிறது.
கராஜ் கதவை ஒரு சாண் தூக்கி வைத்திருக்கிறேன்.
திறந்தால் குளிர், மூடினால் புகை.
அந்த ஒரு சாணில் புகுந்த காற்று
டார்ச் வாயின் வாயுவைத் திருடிக்கொண்டு போக
முதல் பற்றவைப்பு
ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாய்.
தேய்த்தெடுத்தேன்.
பழைய தகரமொன்றைச் சாய்த்து
காற்றுக்கு மறைப்புக் கட்டினேன்.

மெஷின் என்னுடையதல்ல.
தங்கை கணவர் வெர்ன் கொடுத்தது.
ஏரியில் நிற்கும் அவருடைய மீன்பிடிக் குடிலுக்குச்
சறுக்குக்கால் முறிந்துவிட்டது,
பனி இளகுமுன் இழுத்து வர வேண்டும்,
ஞாயிறு மதியம் மெஷின் வேண்டும்.
கடன் வாங்கிய நெருப்பு.

சுவரில் நான்கு போல்ட் துளைகள்.
ராய்ஸின் மேசை அங்கேதான் இருந்தது.
அக்டோபரில் அவன் போனபோது
நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.
நான்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதினேழு வருஷம் அந்த மேசையில்
பால் கிரேட் மேல் ஏறி நின்று வேலை செய்தேன்.
வைஸ் வலப்பக்கம். என் கை இடது.
அரம் பிடிக்கும்போதெல்லாம்
யாருடைய சட்டைக்குள்ளோ
கை நுழைத்த மாதிரி இருக்கும்.

இந்த முறை
பூட்ஸோடு சுவரோரம் நின்றேன்,
கையைத் தொங்கவிட்டேன்,
மணிக்கட்டு மடியும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு.
முப்பத்திரண்டரை அங்குலம்.
வேறு சாத்திரம் பார்க்கவில்லை.

ரயில் யார்டுப் பழைய இரும்பு, எடைக்கு வாங்கியது:
இரண்டங்குலச் சதுரக் குழாய்,
மேலே போட மூன்று நூல் கனத்தில் தகடு.
தரை வடிகாலைப் பார்த்துச் சரிகிறது, அதனால்
முன்கால்கள் ஐந்து நூல் நீளம்.
ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்றபோது
வாய்விட்டுச் சிரித்தேன். தனியாகத்தான்.

மூலைக்கு ஒரு புள்ளி வைத்து
குறுக்கே டேப் பிடித்தால்
ஒரு மூலைவிட்டம் இரண்டு நூல் கூட.
சூட்டில் இரும்பு இழுபடும்,
எந்தப் பக்கமென்று சொல்லிவிட்டு இழுபடாது.
பட்டை போட்டு முறுக்கி
வழிக்குக் கொண்டுவந்தேன்.

காபி டின்களில் கிடந்த சாக்கெட்டுகள் முதல் டிராயருக்கு.
இரண்டாவதில் ஸ்பானர்கள், சுத்தியல்கள்.
மூன்றாவது
மூட ஓரங்குலம் இருக்கும்போது
நின்றுவிட்டது.
சனிக்கிழமை இரவு பதினொன்று.
விட்டுவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள்.
நான் பார்ப்பேனே.
தினமும் முழங்காலில் இடிக்குமே.

கிரைண்டர் அலறியதும்
எதிர்வீட்டு நாய் குரைத்தது, விளக்கு எரிந்தது.
எல்ராய் கிவிஸ்டோ
பைஜாமாவுக்குக் கீழே பனி பூட்ஸோடு வந்து நின்றார்.
திட்டத்தான் வந்தாரென்று நினைத்தேன்.
அறுபட்ட தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தார்,
என் கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு
நேராய்ப் பிடித்தார்.
இருந்தது ஒரே முகமூடி.
கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்புங்கள் என்றேன்.
திரும்பிக்கொண்டார்,
பிடி மட்டும் அசையவில்லை.

டிராயர் போனது, வந்தது.
இதில் என்ன வைப்பாய் என்றார்.
இன்னும் தெரியவில்லை என்றேன்.
அது சரிதான் என்பதுபோல்
தலையசைத்துவிட்டுத் தூங்கப் போனார்.

ஞாயிறு. வெர்ன் வந்தார்.
மேசைமேல் உள்ளங்கையை ஊன்றி ஆட்டிப் பார்த்தார்,
ஆடவில்லை.
வைஸைத் தேடி அவர் கண் வலப்பக்கம் போய்
வெறுங்கையோடு திரும்பியது.
"ரொம்பத் தாழ்வு," என்றார்,
"ஒரு மணி நேரம் குனிந்தால் முதுகு போய்விடும்."

ஆமாம், உங்களுக்குப் போய்விடும், என்று சொல்லி
மெஷினின் வயரைச் சுற்றிக் கொடுத்தேன்.