பரிகார வகுப்பு

தொலைபேசியில் சொன்னேன்,
சனி ஞாயிறும் வரமுடியாது அம்மா, பரிகார வகுப்பு.
ஒரு கணம் சத்தமில்லை.
பிறகு, "எந்தக் கோயில்ல மகள்?"

கோயில் இல்லை. கோணேசபுரி வளாகத்தின் பின்பக்கம்
தகரக் கூரை போட்ட பதினோராம் அறை. காலை ஏழரை.
அடிப்படைக் கணிதம்.
கிரெடிட் பூச்சியம்.
சித்தியடைந்தால் பெறுபேற்றுத் தாளில் ஒரு சின்னக் கோடு,
அடையாவிட்டால் பட்டமே இல்லை.

வந்த முதல் வாரம் எல்லோருக்கும் ஒரு சோதனை வைத்தார்கள்.
மூன்றாம் நாள் அறிவித்தல் பலகையில்
நாற்பத்தொரு சுட்டெண்கள்.
பெயர் போடாதது மரியாதையாம்.
பெயரும் போட்டு முகமும் போட்டு
ஈச்சிலம்பற்றுச் சந்தியில் என் பதாகை
அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது:
எமது பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும்
முதல் மாணவி.

ஒன்பதாம் வகுப்பில் கணித ஆசிரியர் மாசியில் வந்தார்.
வைகாசியில் இடமாற்றம்.
அதன்பின் நேரசூசியில் மட்டும் இருந்தது கணிதம்,
கிழமைக்கு ஏழு பாடவேளை.
அந்த வேளைகளில் நான் தலை பின்னினேன்.
மூன்று கால், நாலு கால், ஐந்து கால்.
வகுப்பின் இருபத்தாறு பெண்களும் என் கைக்குள்ளால் போனவர்கள்.
கால் என்பதும் ஒரு பின்னம்தான் என்று
அப்போது ஒருவரும் சொல்லவில்லை.
பின்னல் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு போடுவேன்.
பின்னம் கேட்டால்
கோட்டுக்கு மேலே எது, கீழே எது என்று
இருபத்தொரு வயதில் விரல் தடுமாறுகிறது.

முதல் நாள் ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை.
கிண்ணியா நிஸ்மியா பேனை மூடியைக் கடித்தபடி இருந்தாள்.
கோமரங்கடவலைத் தில்ருக்‌ஷி
சிங்களத்தில் படிக்கக் கிடைக்காத கணிதத்தை
ஆங்கிலத்தில் படிக்க வந்திருந்தாள்.
சம்பூர்த் தவசீலன் மட்டும் கடைசி வாங்கிலிருந்து சொன்னான்,
"பின்தங்கிய மாவட்டமெண்டு கோட்டா தந்தவங்கள்.
இது அதுக்கு வட்டி."

தோஷம் இருந்தால்தானே பரிகாரம்.
வராத ஆசிரியருக்காக எள்ளெண்ணெய் எரிப்பது யார்?
ஏழு வெற்றுப் பாடவேளைகளுக்குக் கையெழுத்து வைத்தவர்
இப்போது எந்தத் தகர அறையில்
எதைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார்?
கேட்கத்தான் நினைத்தேன்.
விரிவுரையாளர் பகுதியெண்ணைச் சமனாக்கச் சொன்னார்.
சமனாக்கினேன்.
பிழைத்தது.

நூற்றுக்கு முப்பத்தெட்டு. நாற்பது வேண்டும்.

போயாவுக்கு முதல்நாள், பஸ் நிலையத்தில்
விடைத்தாளை மடிப்பதா கிழிப்பதா என்று நின்றபோது
பின்னால் வந்தது ஒரு மான்.
திருகோணமலை மான்களுக்கு வெட்கம் கிடையாது,
லஞ்ச் ஷீற் தின்று வளர்ந்தவை.
தாளின் மூலையை இழுத்து
முப்பத்தெட்டையும் சேர்த்து மென்றது.

நிஸ்மியா சிரித்துச் சிரித்துக் குந்திவிட்டாள்.
"எத்தினயில எத்தின போச்சு புள்ள?"
ஐந்தில் இரண்டு, என்றேன்.
இல்லை என்றாள் தில்ருக்‌ஷி, தனக்குத் தெரிந்த தமிழில்.
மிச்சத்தை வாங்கித் தன் தாளின் மேல் வைத்து
பாதியாக மடித்தாள், பாதியில் பாதி, அதிலும் பாதி.
எட்டில் மூன்று.
எது பெரிது?
மூதூர் பஸ் வந்தது, நின்றது, போனது.
பழைய டிக்கெட்டின் பின்பக்கத்தில்
இரண்டையும் நாற்பதுக்கு மாற்றினோம்.
பதினாறு. பதினைந்து.
ஒரு துண்டுதான் வித்தியாசம்,
அதற்கு இருபது நிமிடம் சண்டை.

மான் போகவில்லை.
மீதியைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மறுசோதனை ஆடியில்.
அம்மா வெருகல் முருகனுக்கு நேர்ந்துவிட்டாளாம்,
எதுக்கும் கிடக்கட்டும் என்று.
நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.