நாற்பத்தொரு ஹெர்ட்ஸ்

உக்கடத்துப் பழைய சாமான் கடையில் வாங்கிய
இரண்டாவது சப்வூஃபரை
மடியில் வைத்தே மலையேறினேன்.
பதினெட்டுக் கிலோ.
லக்கேஜ் டிக்கெட் போட்ட கண்டக்டர்
பர்லியாறில் டீ குடிக்கையில் கேட்டார்:
உள்ள என்ன, கோழியா?
காத்து, என்றேன்.
பொய்யில்லை.

ஏற்கெனவே ஒண்ணு இருக்கே என்றாள் ஜெசிந்தா,
கதவை முழுசாகத் திறக்கும் முன்பே.
ஒன்றே ஒன்று இருப்பதுதான் பிரச்சினை என்பதை
ஈரச் சாக்ஸோடு நின்று விளக்க முடியவில்லை.

அருவங்காட்டில், ஃபேக்டரிச் சங்கு கேட்கும் தொலைவில்,
தகரக் கூரைக்குக் கீழே எங்கள் முன்னறை.
நீளம் பதினான்கு அடிக்கு மூன்று அங்குலம் குறைவு.
அந்த நீளத்துக்கென்று ஒரு சுருதி உண்டு.
அதை வாசித்தால்
இரு கோடிச் சுவர்களிலும் முண்டியடித்து நிற்கும் ஒலி,
நடுவில் ஆளே இருக்காது.
என் நாற்காலி பின்சுவரை ஒட்டி.
அவளுடையது ஹீட்டர் பக்கம், நட்டநடுவில்.

கேட்டியா அந்த பேஸ் கிதாரை என்று
ஆறு வருஷமாகக் கேட்டிருக்கிறேன்.
ஆறு வருஷமும் 'ம்' என்றிருக்கிறாள்,
ஸ்வெட்டர் ஊசியில் கண்ணி எண்ணிக்கொண்டே.
அதை அக்கறையின்மை என்ற கணக்கில்
எழுதிவைத்திருந்தேன்.

ஞாயிறு. பூசை முடிந்து அவள் வருவதற்குள்
பழைய பெட்டியைத் தூக்கி
என் நாற்காலியில் உட்காரவைத்தேன்.
முறை அதுதான்:
கேட்கிறவன் இடத்தில் பெட்டி,
பெட்டியின் இடம் தேடித் தரையில் கேட்கிறவன்.
நாலு காலில், தலை கவிழ்ந்து,
சுவரோரமாகத் தவழ்ந்தேன்.
ஜன்னலில் கீழ்வீட்டு நஞ்சுண்டனின் பையன்:
அங்கிள், என்ன தொலைஞ்சுது?

ஹீட்டர் பக்கம் வந்தபோது
சத்தம் நின்றுபோனது.
அங்கே கூம்பு துடிக்கிறது,
அலமாரியில் அந்தோணியார் நடுங்குகிறார்,
அவள் நாற்காலியடியில் மட்டும் ஒன்றுமில்லை.
தலையை ஒரு முழம் நகர்த்தினால் உண்டு,
திரும்ப வந்தால் இல்லை.
கிதாரின் தடித்த தந்தி
இந்த வீட்டில் அவளுக்கு
ஒருநாளும் மீட்டப்படவே இல்லை.

மைக்கை முதன்முறையாக அவள் இடத்தில் நிறுத்தினேன்.
போனில் ஊர்ந்துவந்த கோடு
நாற்பத்தொன்றில்
காட்டேரி அருவி மாதிரி நேராக விழுந்தது.

பழையதை முன்சுவரின் நடுவில்,
புதியதைப் பின்சுவரின் நடுவில்.
ஃபேஸ் திருகை நூற்றெண்பதில் வைத்தால்
ஒன்று ஊதியதை மற்றது குடித்துவிட்டது.
பூஜ்யத்துக்குத் திருப்பினேன்.
கோடு எழுந்தது,
லாரி மண் கொட்டிப் பள்ளம் தூர்த்ததுபோல்.

அங்கே எழுந்தது, என் நாற்காலியில் குறைந்தது.
இத்தனை நாள் நான் ரசித்த கனத்தில்
பாதி சுவருடையது.
இதை அவளிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.
அவள் உட்கார்ந்தாள், ஊசி எடுத்தாள்.
நான் எதுவும் கேட்கவில்லை.
இரண்டாவது பாட்டில் கண்ணி தவறியது.
தரைக்கடியில யாரோ நடக்கிறாங்க, என்றாள்.
அதான் பேஸ் கிதார்.
இவ்ளோ நாள் எங்க இருந்தார்?
என்கிட்ட, என்றேன்.
வால்யூமை அவளே ஏற்றினாள்.

எட்டரைக்குக் கதவு தட்டும் சத்தம்.
நஞ்சுண்டன். கையில் டார்ச், தலையில் சாக்கு,
இடுப்பைப் பிடித்தபடி பையன்.
மேல மண்ணு இறங்குதுன்னு நெனச்சேன் சார்.
புள்ளைய எழுப்பிட்டு ஓடிவந்தேன்.

மழைக்காலத்தில் இந்தச் சரிவில்
அடிவயிற்றால் கேட்கிற சத்தத்துக்கு
ஒரே அர்த்தம்தான்.
டேப், மைக், கோடு எல்லாம் வைத்து அளந்த நான்
கூரைக்குக் கீழே கூரை இருப்பதை அளக்கவில்லை.

இரண்டையும் அணைத்தேன்.
ஜெசிந்தா டீக்குத் தண்ணீர் வைத்தாள்.
மழை தகரத்தில் தன் பாட்டுக்குப் பெய்தது,
எல்லா நாற்காலிக்கும் ஒரே அளவில்.
பையன் கூம்பின் மேல் உள்ளங்கை வைத்துப் பார்த்தான்.
பிறகு நினைவு வந்ததுபோல் கேட்டான்:
காலைல தேடினீங்களே,
கிடைச்சுதா?