குளிர் வாசனை இல்லை

தைலம் காய்ச்சும் நாட்களில்
எமரால்டு பஸ்ஸில் வரும் புது ஆட்கள்
எங்கள் கொட்டகைக்கு இரண்டு வளைவு முன்பே
மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.
எனக்குக் கண் கரிக்கும். தொண்டைக்குள் குளிரும்.
அதுதான் வாசனை என்றிருந்தேன்
பத்தொன்பது வயது வரை.

போனை எடுத்து ஹலோ என்றால்
'அப்பாட்ட குடும்மா' என்பார்கள் கோவை வியாபாரிகள்.
கொடுத்துவிடுவேன்.
திருத்திச் சொல்லவும் அதே குரல்தானே இருந்தது.

போஜனுக்கும் ஜெபசிங்குக்கும்
ஒன்பதாம் வகுப்புக் கோடையில் தொண்டை உடைந்தது.
எனக்குக் கையும் காலும் மட்டும்
கற்பூரமரக் கன்றாட்டம் நெடுநெடுவென்று போயின.
முகம் ஆறாம் வகுப்பு போட்டோவிலேயே நின்றது.
மழிக்க மழிக்க வளரும் என்று யாரோ சொல்ல
அப்பா ஒரு ரேசர் வாங்கிவந்தார்.
இல்லாத மீசையை
ஞாயிறுதோறும் ஒழுங்காக மழித்தேன்.

ஊட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில்
மாதம் ஒரு சனிக்கிழமை வைத்தியர் வருவார்.
என் முகத்தைப் பார்க்காமல்
'கைப்பழக்கமா?' என்றார்.
அப்பா சுவர் காலண்டரைப் படித்தார்.
லேகியம் இரண்டாயிரத்து எண்ணூறு.
எதிர்பார்த்ததைவிடக் கசப்பில்லை என்றார் அப்பா
வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு.

பிறகுதான் அந்த டாக்டரம்மா.
ரத்தம் காலை எட்டுக்குள் வேண்டும் என்றார்,
விடியலில்தான் அது உச்சத்தில் இருக்குமாம்.
உறைபனி மிதித்து முதல் பஸ் பிடித்தோம்.
இரண்டு வாரம் கழித்து இன்னொரு தரம்,
ஒரு தடவை பார்த்து எதையும் எழுதிவிடக் கூடாதாம்.
இருக்கவேண்டியதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை.

கட்டிலில் படுக்கச் சொல்வார் என்று
பெல்ட்டில் கை வைத்தேன்.
அவரோ மேஜை இழுப்பறையைத் திறந்தார்.
கண்ணை மூடு தம்பி.
ஒன்றுமில்லை என்றேன். காப்பித்தூள்.
ஒன்றுமில்லை. சோப்பு.
ஒன்றுமில்லை. நர்ஸ் தலையிலிருந்து எடுத்த மல்லிகை.
கடைசியில் தைலக்குப்பி.
'குளிர்' என்றேன் சட்டென்று.
'குளிர் வாசனை இல்லையே, தம்பி.'

அப்பா எதுவும் பேசவில்லை.
தன் சட்டைக் கையை மூக்கருகில் கொண்டுபோனார்.
இருபத்தாறு வருஷமாய்க் காய்ச்சுகிறவர்.

தாயின் வயிற்றில் இருக்கும்போது
மணம் அறியும் நரம்பும்
இளமையை எழுப்பிவிடும் அணுக்களும்
மூக்கில்தான் ஒன்றாகப் பஸ் ஏறுமாம்,
மூளைக்குப் போய் இறங்க.
என் பஸ் ஏதோ கொண்டை ஊசி வளைவில்
மூடுபனியில் நின்றுவிட்டது.
'உன் விரையில் கோளாறு இல்லை.
விழித்துக்கொள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.'
யார் தப்பும் இல்லை என்று
அதையும் தனியாக ஒரு தடவை சொன்னார்,
அப்பாவைப் பார்த்து.

மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி.
மருந்தும் எண்ணெய்தான். மெதுவாக இறங்கும்,
உட்கார்ந்தால் ஒரு நாள் வலிக்கும்.
முதல் பரு வந்ததும் அம்மா மஞ்சளோடு வந்தாள்.
கையைத் தட்டிவிட்டேன்.
இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல்
அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
காரணமில்லாமல் கோபம் வந்தது. பசி வந்தது.
டிக்கெட் கொடுக்கும்போது விரல் பட்ட
கண்டக்டர் அக்காவின் முகம்
ராத்திரியெல்லாம் வந்தது.
பிள்ளை வேண்டும் என்கிற காலத்தில் வா,
அதற்கு வேறு ஊசி உண்டு என்றிருக்கிறார்.
அது அப்போது.

மூக்கு வராது. அதைச் சரிசெய்ய மருந்தில்லை.

போன ஞாயிறு நிஜமாகவே மழித்தேன்.
தாடையில் வெட்டிக்கொண்டேன்.
கொட்டகைக்கு ஓடி ஒரு சொட்டுத் தைலம் வைக்க
உச்சந்தலை வரை சுரீரென்றது.
'இது எப்படிப்பா மணக்கும்?'
என் புதுக் குரலில் கேட்டேன்.
அப்பா இலைச்சக்கையை அடுப்பில் தள்ளியபடி
ரொம்ப நேரம் யோசித்தார்.
'தினம் இதுலயே கெடக்கறமா,
எனக்கும் இப்பல்லாம் தெரியறதில்லடா, தவசீலா.'